உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவது

(சிவகாசியில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள் முன்னிலையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முழங்கால் வலியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் எலும்பிலிருந்து தொடங்கியிருப்பேன். இங்கே தரையிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஏனென்றால் இந்த ஊரின் தொழில் தரையில் நடக்கிறது. குழாய் உருட்டுவது, மருந்து செலுத்துவது, திரி சொருகுவது, சரம் பின்னுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி அடைப்பது எல்லாமே உட்கார்ந்த வேலை. நாற்காலியில் அல்ல, சம்மணம் போட்டு, அல்லது ஒரு காலை மடக்கி மறுகாலைக் குத்தவைத்து, அல்லது இரண்டு காலையும் மடித்துக் குந்தி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து 1923-ல் இங்கே தொடங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. அதன் பிறகு நூறு வருடம் ஓடிவிட்டது. தீப்பெட்டியில் இயந்திரம் நிறைய வந்துவிட்டது. பட்டாசு மட்டும் இன்னும் பெரும்பாலும் கையால்தான் ஆகிறது. கை வேலை என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கையைப் பகல் முழுக்கத் தாங்கிக்கொண்டு மடங்கிக் கிடப்பது முழங்கால். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வீட்டுக்குப் போனாலும் தரைதான். அரிவாள்மனையில் காய் நறுக்குவது, துணி துவைப்பது, கோலம் போடுவது, கக்கூஸ் வரைக்கும். "உக்காந்தா எந்திரிக்க முடியல தம்பி, எந்திரிச்சா உக்கார முடியல." என்னிடம் வரும் அம்மாக்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் வலியை இப்படித்தான் சொல்லத் தொடங்குவார்கள். எந்தப் பாடப்புத்தகமும் முழங்கால் தேய்மானத்தை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஏன் எழ முடியவில்லை என்பதற்கு உடம்புக்குள் இருக்கும் காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

முழங்காலில் சேர்வது மூன்று எலும்புகள். மேலே தொடை எலும்பு, கீழே முன்னங்கால் எலும்பு, முன்பக்கம் சில்லு. முன்னங்காலில் வெளிப்பக்கமாக மெல்லிய எலும்பு இன்னொன்று உண்டு. அது இந்த மூட்டுக்குள் வருவதில்லை, பக்கத்தில் நின்று தசைக்கும் நாருக்கும் பிடி கொடுக்கிறது. தொடை எலும்பின் அடிமுனை இரண்டு உருண்டைகளாக இருக்கும். முன்னங்கால் எலும்பின் தலை ஏறக்குறையத் தட்டை. உருண்டை தட்டையின்மேல் நிற்க வேண்டும் என்றால் எலும்பின் வடிவத்தை மட்டும் நம்பி நிற்க முடியாது. இடுப்பு மூட்டு ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அந்தக் கவலை இல்லை. முழங்காலைப் பிடித்து நிறுத்துவது நாரும் ஜவ்வும் தசையும்தான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தசைநார்கள், பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு. உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு ஜவ்வுகள். அவைதான் இடைவெளியை நிரப்பி, உடம்பின் எடை ஒரே புள்ளியில் விழாமல் பரப்பிக் கொடுக்கின்றன.

எலும்பு முனைகளின்மேல் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வெள்ளையாக, வழுவழுப்பாக, சில மில்லிமீட்டர் தடிமனில். இந்தக் குருத்தெலும்பைப் பற்றி இரண்டு செய்திகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. எடை ஏறும்போது திரவம் பிதுங்கி வெளியேறும், எடை இறங்கும்போது உள்ளே போகும். அதாவது அசைந்தால்தான் அது உயிரோடு இருக்கும். இரண்டாவது, அதற்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அப்படியானால் தேய்மானத்தில் வலிப்பது எது? குருத்துக்கு அடியில் இருக்கும் எலும்பு, மூட்டைச் சுற்றிய உறை, சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டு, சுற்றியுள்ள நார்கள். இவை எல்லாவற்றிலும் நரம்பு இருக்கிறது.

இனி சில்லு. கரிசக்காட்டுக் கிணற்றில் கமலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். வடம் உருளைமேல் ஏறிப் போகும். உருளை இல்லாவிட்டால் மாடு எவ்வளவு இழுத்தாலும் வடம் விளிம்பில் உரசிக்கொண்டு நிற்கும். தொடையின் முன்பக்கத்து நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து வடமாகி, சில்லைத் தாண்டி, முன்னங்கால் எலும்பில் முட்டிக்குக் கீழே தடவினால் தட்டுப்படும் மேட்டில் போய்ப் பிடிக்கின்றன. சில்லு அந்த வடத்தை மூட்டின் நடுவிலிருந்து தள்ளிப் பிடித்திருப்பதால்தான் இழுப்புக்கு வலு. ஒரு காலத்தில் சில்லு நொறுங்கினால் அறுவை செய்து முழுதாக எடுத்துவிடுவார்கள். எடுத்தவர்களுக்குக் காலை நீட்டும் வலு குறைந்துபோனது. இப்போது முடிந்தவரை சேர்த்துக் கட்டத்தான் பார்க்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஏறக்குறைய 90 பாகை மடங்கும். குந்தினால் 130 பாகையையும் தாண்டும். மடங்க மடங்கச் சில்லு தொடை எலும்பின்மேல் அழுத்திக்கொண்டே போகும். உட்கார்ந்திருக்கும்போது தசை ஓய்வில் இருப்பதால் பெரிதாகத் தெரியாது. எழ முயலும் அந்த நொடியில்தான் நான்கு தசையும் முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும், சில்லின் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு. வலி எழும்போது வருவதற்கும், படி இறங்கும்போது வருவதற்கும், சமதளத்தில் நடக்கும்போது அவ்வளவு தெரியாததற்கும் காரணம் இதுதான்.

அப்படியானால் தரையில் உட்காருவதே குற்றமா? சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள், டைனிங் டேபிள் வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பெய்ஜிங் நகரத்தில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2001-ல் முதல் முடிவு வெளிவந்தது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் ஊர்ப் பெண்களைவிடச் சீனப் பெண்கள் ஒல்லி. ஆனாலும் முழங்கால் தேய்மானம் சீனப் பெண்களுக்குத்தான் அதிகம். காரணத்தைத் தேடி, "உங்கள் 25 வயதில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குந்தியிருப்பீர்கள்?" என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். 2004-ல் வந்த முடிவின்படி, மணிக்கணக்கில் குந்தியவர்களுக்குத் தேய்மானம் கூடுதல். கவனியுங்கள், குந்தியவர்களுக்கு அல்ல, மணிக்கணக்கில் குந்தியவர்களுக்கு. சாப்பிடப் பத்து நிமிடம் சம்மணம் போடுவது வேறு, காலையில் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவது வேறு. கெடுதல் தரையில் இல்லை. எழாமல் இருப்பதில் இருக்கிறது.

எழாமல் ஏன் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அரைகுறைப் பேச்சாகிவிடும். பீஸ் ரேட் கூலி. எத்தனை குரோஸ், எத்தனை சரம் என்று எண்ணித்தான் சனிக்கிழமை காசு. எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்தும் ஒரு நிமிடத்துக்கும் அங்கே விலை இருக்கிறது. ஆகவே "அடிக்கடி எழுந்து நடங்கள்" என்று நான் சொல்லிவிட்டுப் போவது சுலபம், நீங்கள் செய்வது கஷ்டம். அதற்கு என்ன வழி என்பதைக் கடைசியில் பேசுகிறேன்.

முழங்காலைக் கவனிக்க வேண்டியதற்கு இந்த ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. மருந்து புழங்கும் அறைகளில் இரும்புக் கருவி கூடாது, செருப்பு கூடாது, இத்தனை பேருக்குமேல் இருக்கக் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. கதவு ஏன் வெளியே திறக்க வேண்டும்? ஓடுவதற்கு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தையும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்ததையும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. அந்த மாதிரி வெடிப்பிலிருந்து எந்த முழங்காலாலும் தப்ப முடியாது. அது விதியை மீறியவர்களும் கண்காணிக்க வேண்டியவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் சின்னதாகப் பொறி பட்டுப் புகை கிளம்பும்போது சில நொடி கிடைக்கும். அந்த நொடிகளில் சுவரைப் பிடித்து, இரண்டு கையையும் ஊன்றி, பக்கத்து ஆள் தூக்கிவிட்டு எழ வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால் வெளியே திறக்கும் கதவால் அவருக்கு என்ன பயன்? பாதுகாப்பு வகுப்பில் மணல் வாளியையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டுகிறார்கள். தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று யாராவது சோதித்துப் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் கணக்கில் அதுவும் பாதுகாப்புதான். மூட்டு வலியை வயதானவர்களின் புலம்பலாக மட்டும் எண்ணிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

வலி தொடங்கிய பிறகு நடப்பதைப் பார்ப்போம். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "எலும்பு தேஞ்சு போச்சு, எலும்போட எலும்பு உரசுது" என்று யாரோ சொல்கிறார்கள். அந்த வார்த்தை வலியைவிட அதிகம் கெடுதல் செய்கிறது. உரசுகிறது என்று தெரிந்தால் யார் நடப்பார்கள்? நடையைக் குறைக்கிறோம், படியைத் தவிர்க்கிறோம், மகள் வந்து தண்ணீர் தூக்குகிறாள். தொடைத் தசை சுருங்குகிறது. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்துக்கொண்டால் அந்த மூட்டிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தியே தொடைத் தசையை இயங்கவிடாமல் அடக்கிவிடும். நாம் சோம்பல்பட்டு விடுவதல்ல, தசையால் முடியாமலே போகிறது. தசை மெலிந்தால் அடியின் அதிர்வை வாங்கிக்கொள்ள ஆளில்லை, முழுவதும் மூட்டில் விழுகிறது. வலி கூடுகிறது. மறுபடி ஓய்வு. இந்தச் சுற்றில் நான்கைந்து வருடம் போனால் ஐம்பது வயதுக்காரர் எழுபது வயதுக்காரர் மாதிரி நடப்பார்.

எக்ஸ்ரேயும் வலியும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பது பலமுறை நிறுவப்பட்ட செய்தி. படத்தில் மோசமாகத் தேய்ந்திருப்பவர் சதுரகிரி மலை ஏறிவிட்டு வருவார். படம் சுத்தமாக இருப்பவர் வாசப்படி ஏற அழுவார். எம்.ஆர்.ஐ.யும் அப்படித்தான். ஃப்ரேமிங்காமில் 50 வயதைத் தாண்டிய 991 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இருந்ததில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று பார்த்ததும் மதுரைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லா முழங்கால் வலியும் தேய்மானம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது வயதுப் பெண்ணுக்குச் சில்லைச் சுற்றி வலித்தால் அது பெரும்பாலும் சில்லின் அழுத்தக் கோளாறு. இடுப்புத் தசையும் தொடைத் தசையும் வலுவானால் சரியாகும். காலையில் கை விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் சேர்ந்து இறுகி, அரை மணி நேரத்துக்குமேல் விடாவிட்டால் அது வாத நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் படுத்தியபோது மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். முட்டிக்குப் பின்னால் கட்டி மாதிரித் தட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம், மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்குவதுதான் அது, காட்டிவிட்டு வாருங்கள். ஆனால் மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், விழுந்தபின் கால் ஊன்றவே முடியாவிட்டால், முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் உடற்பயிற்சி பக்கமே போகக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது பயிற்சி. செலவு ஒரு துண்டு, ஒரு பாய், ஒரு வாசப்படி, ஒரு கட்டில்.

பாயில் காலை நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் துண்டைத் தரையோடு அமுக்குங்கள். தொடை இறுகுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை. வலி அதிகமாக இருக்கும் நாளிலும் இதைச் செய்யலாம், மூட்டு மடங்காமலே தசைக்கு வேலை கிடைக்கிறது. பார்க்க அற்பமாகத் தெரியும். "இதுக்கா தம்பி டவுனு பஸ் புடிச்சு வந்தேன்?" என்று கேட்டவர்கள் உண்டு. அடங்கிப்போன தசையை எழுப்ப முதல் படி இதுதான். அது எழும்பாமல் அடுத்தவற்றுக்குப் போனால் வலிதான் மிஞ்சும்.

அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, வலிக்கும் காலை நேராக நீட்டியபடி ஓர் அடி உயரம் தூக்குவது. முட்டி மடங்கக் கூடாது. ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். மறுகாலை மடக்கி வைக்காவிட்டால் இடுப்பு வலி வரும், அதை மறக்காதீர்கள். பிறகு ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது. இது இடுப்பின் பக்கத் தசைக்கு. முழங்கால் வலிக்கு இடுப்பில் ஏன் வேலை என்று கேட்பீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு எட்டிலும் தொடை உள்பக்கம் சரியாமல் பிடித்திருப்பது அந்தத் தசைதான். அது தளர்ந்தால் முட்டி உள்பக்கம் இடியும், சில்லு தடம் மாறும்.

நாலாவதாகச் சொல்லப்போவதுதான் நான் மிக முக்கியமாகக் கருதுவது. கட்டிலின் ஓரத்திலோ திண்ணையிலோ உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், முட்டிக்குச் சற்றுப் பின்னால். கையை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து எழுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை சாய வேண்டும். சாயாமல் நேராக எழப் பார்ப்பதால்தான் பலருக்கு முடியாமல் போகிறது. எழுந்தபின் உட்காருவதை இன்னும் மெதுவாகச் செய்யுங்கள், பொத்தென்று விழக் கூடாது. முதலில் உயரமான இடம், பத்து முறை சுலபமாக வந்ததும் கொஞ்சம் தாழ்வான இடம், பிறகு முக்காலி, பிறகு மணை. வாரத்துக்கு வாரம் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் தரைக்கு வந்து சேரலாம். எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். முக்காலி வரைக்கும் வந்தவர்கள்கூட அதன்பின் தைரியமாகக் கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள்.

வாசப்படியில் ஏறி இறங்குவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, படுத்துக்கொண்டு பாதத்தில் துண்டைப் போட்டு இழுத்துத் தொடையின் பின்பக்கத்தை நீட்டுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் கால் மணி நேரம் போதும். வலு கூடுவது தெரிய ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு "எக்சர்சைஸ் கேக்கல" என்று சொல்லாதீர்கள்.

"வலிக்கும்போது செய்யலாமா?" ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்துக்குள் இருந்தால் செய்யலாம். மறுநாளுக்குள் அந்தக் கூடுதல் வலி அடங்கிவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய முழங்கால் பயிற்சித் திட்டத்திலும் இதே அளவுகோல்தான். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டோம்.

தரையிலிருந்து எழும் முறையும் ஒன்று உண்டு. நேராக எழ முயலாதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி இரண்டு கையையும் ஊன்றி மண்டியிட்ட நிலைக்கு வாருங்கள். நல்ல காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, அந்தத் தொடைமேல் கையை அழுத்தி எழுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கம்பு பிடிப்பதென்றால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நிறையப் பேர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அதனால் பெரிய பலன் இல்லை.

எடையைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்கும், இருந்தாலும் சொல்கிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலின்மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து சொன்னார்கள். ஒரு நாளில் எத்தனை எட்டு வைக்கிறோம்? பத்து வருடத்தில் ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது என்பது ஃப்ரேமிங்காமில் 1992-ல் கிடைத்த முடிவு. ஐந்து கிலோ என்பது பட்டினி கிடந்து அடைய வேண்டியதல்ல. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனம் வராது. வாரம் மூன்று முறை சாப்பிடுபவர் ஒரு முறையாக்கினால் போதும்.

மாத்திரை விஷயம். மெடிக்கலில் போய் "மூட்டு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் இருக்கும். இந்த மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று சிறுநீரகம் கெட்டு இந்தியாவில் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதனுக்குக் கழுகு அளவுக்கு ஆபத்து இல்லை, டாக்டர் சொல்லிச் சில நாள் எடுப்பதில் தவறில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர் வருடக்கணக்கில் தானே வாங்கி விழுங்கினால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் சேதம், இதயத்துக்கும் கெடுதல். மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகவே வலியைக் குறைக்கும். ஆனால் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஊசியும் பாதிப் பேருக்கு இயன்முறைச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களே மேல் என்று 2020-ல் எழுதினார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஹூஸ்டன் நகரத்தில் நடந்த சோதனை இன்னும் வியப்பானது. தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்குத் துளை போட்டு மூட்டைச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு என்ன நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2002-ல் வந்த இந்த முடிவுக்குப் பிறகும் தேய்மானத்துக்குத் துளை அறுவை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவையின் கதை வேறு. பயிற்சி செய்தும் ராத்திரி தூக்கம் போய், கால் வளைந்து, வீட்டுக்குள் நடக்கவே முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் இதே துண்டு, இதே கட்டில் பயிற்சிதான் செய்ய வேண்டும். தசை மெலிந்த காலில் புது மூட்டு வைத்தாலும் எழுப்பி நிறுத்தப் போவது தசைதான்.

சரி, பீஸ் ரேட்டுக்கு வருகிறேன். முதலாளிமார்களும் போர்மேன்மார்களும் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களிடம் நேராகவே கேட்கிறேன். மருந்து புழங்கும் அறையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை விதி சொல்லட்டும், அதில் நான் தலையிடவில்லை. குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டி மடிப்பது ஆகியவற்றில் மருந்தே கிடையாது. அந்த வேலைகளை ஏன் இன்னும் தரையில் வைத்திருக்கிறோம்? இடுப்பளவு பலகை ஒன்றும் அதற்கேற்ற ஸ்டூலும் போட்டால் போதுமே. அரை மணிக்கு ஒரு முறை எல்லோரும் சேர்ந்து எழுந்து ஒரு நிமிடம் நிற்கலாம். ஒருவர் மட்டும் எழுந்தால் அவருக்குக் கூலி குறையும். எல்லோரும் எழுந்தால் யாரும் பின்தங்குவதில்லை, அந்த நிமிடத்துக்கான கூலியை நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். வலி தாங்காமல் நாற்பத்தைந்து வயதில் கைதேர்ந்த சரம் பின்னும் பெண் வேலையை விட்டுப் போவதைவிட அது மலிவு. வீட்டில் குழாய் உருட்டும் அக்காமார்களுக்கு முதலாளி யாரும் எதிரில் இல்லை. அவர்கள் இன்றைக்கே கட்டிலுக்கு மாறலாம்.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போனால் வலி மாத்திரையோடு திரும்பிவிடாமல், "பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள். படுக்கையோடு கிடக்கும் பெரியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்தபிறகு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டிய நிலையும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

கூட்டம் தொடங்கும் முன் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போகணும், போகலாமா?" போகலாம். ஆனால் ஆடி பிறந்த பிறகு அல்ல, சித்திரையிலேயே தொடங்க வேண்டும். மேலே சொன்ன பயிற்சியோடு தினம் நடை, பிறகு மாடிப்படி. மலை ஏறுவது மூச்சுக்குச் சோதனை, இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டும், அதற்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். ஆகவே வாசப்படியில் ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதை அதிகம் பழகுங்கள். அடிவாரத்துத் தாணிப்பாறையில் இரண்டு கைக்கும் கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இளவட்டங்களோடு போட்டி வேண்டாம்.

இனி நான் பேசுவதைவிட நீங்கள் செய்து பார்ப்பது நல்லது. மேடைக்கு முன்னால் பாய் விரித்திருக்கிறார்கள், துண்டும் இருக்கிறது. முதல் வரிசையில் இருக்கும் அக்காமார்கள் முதலில் வாருங்கள். முட்டிக்கடியில் துண்டு வைப்பதிலிருந்து தொடங்குவோம். போர்மேன் அண்ணாச்சி, நீங்களும்தான்.